ஆண்டுக்கு ஆண்டு மாறும் முகிற் பரப்பும் கிளிவெட்டி வேளாண்மையும்

முன்னுரை

கமக்காரன் நிலத்தைப் பார்ப்பதற்கு முன்னர் வானத்தைப் பார்க்கின்றான். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலி கங்கையின் கடைப்படுகையில் அமைந்த கிளிவெட்டியிலும் இவ்வழக்கம் தொன்றுதொட்டு நிலவி வருகின்றது. ஐப்பசி பிறந்ததும் கீழ்வானம் கறுக்கின்றதா, காற்று வாடைக்குத் திரும்புகின்றதா என்பவற்றைக் கொண்டே அங்கு விதைப்பு நாள் எண்ணப்படுகின்றது.

ஆனால் வயல் வரம்பில் நிற்பவனுடைய கண்ணுக்கு எட்டும் வானம் மிகச் சிறியது. அவ்வானத்தில் இவ்வாண்டு முகில் மிகுமா குறையுமா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்கள் பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், பசுபிக் சமுத்திரத்திலும் இந்து சமுத்திரத்திலும் தோன்றுகின்றன. அவ்வளவு பெரிய பரப்பை ஒரே பார்வையிற் காணும் ஆற்றலை மனிதன் செய்மதிகளின் மூலமே பெற்றான். செய்மதிகள் கண்ட உண்மைகள் யாவை, அவை கிளிவெட்டி வேளாண்மைக்கு எவ்வகையிற் பயன்படும், எவ்விடத்தில் அவற்றை நம்பலாகாது என்பவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

கிளிவெட்டியின் இரு போகங்கள்

திருகோணமலைப் பகுதி இலங்கையின் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை இங்கு பெய்கின்றது. ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் விழுந்தால் அது ஏறக்குறைய 4,000 லீற்றர் நீராகும். ஆகவே ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் நீர் குறைவு எனக் கூற இயலாது. குறை யாதெனில், அந்நீரின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள சில மாதங்களுக்குள்ளேயே வந்து முடிந்துவிடுகின்றது என்பதாகும்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் எழும் தாழமுக்கங்களும் இடிமுகில்களும் மழையைத் தருகின்றன. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கடலின் ஈரத்தை நேரே கீழ்க்கரைக்குக் கொண்டு வருகின்றது. பெரும்போகம் இவ்விரண்டையும் நம்பி நடைபெறுவது.

மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழாக மாறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகக் கீழ்க்கரையை அடைகின்றது. அக்காலத்திற் செய்மதி எடுக்கும் படத்தில் கொழும்பு, இரத்தினபுரிப் பகுதிகள் வெண்முகிலால் மூடப்பட்டிருக்க, திருகோணமலைப் பகுதி பெரும்பாலும் தெளிவாகத் தோன்றும். வடகீழ்ப் பருவக்காற்று வலுத்துள்ள காலத்துப் படத்தில் முகில் கீழ்க்கரையிலும் தெளிவு மேல்கரையிலும் காணப்படும். ஒரே தீவின் நடுவிலுள்ள மலைத்தொடர் முகிலை இரு கூறாக்கும் விதத்தை இவ்விரு படங்களும் ஐயமற விளக்குகின்றன.

இது பருவ மாற்றம், ஆண்டுதோறும் நிகழ்வது, கமக்காரர் யாவரும் அறிந்தது. அவர்களை ஏமாற்றுவது மற்றொரு மாற்றமாகும். ஓர் ஆண்டில் ஐப்பசி மழை நிலத்தை நிறைக்கின்றது; மறு ஆண்டில் அதே ஐப்பசி புழுதியோடு கழிகின்றது. இம்மாற்றத்தின் காரணத்தை அறிவதற்கே செய்மதியின் துணை வேண்டியதாயிற்று.

செய்மதி முகிலைக் காணும் விதம்

1960ஆம் ஆண்டு ஏப்பிரில் 1ஆந் திகதி அமெரிக்கா ஏவிய டைரோஸ் 1 என்பதே முதலாவது வானிலைச் செய்மதியாகும். பின்னர் வந்த செய்மதிகளுட் சில பூமியை வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்குச் சுற்றி வருவன. வேறு சில பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே தாமும் சுற்றி, எப்பொழுதும் ஒரே இடத்துக்கு மேல் நிற்பன போலத் தோன்றுவன. இந்தியாவின் இவ்வகைச் செய்மதிகளாகிய இன்சாட் 1பி 1983இலும், இன்சாட் 3டி 2013இலும் ஏவப்பட்டன. பின்னது கிழக்கு நெடுங்கோடு 82 பாகையில் நிறுத்தப்பட்டது. கிளிவெட்டியின் நெடுங்கோடு 81 பாகையைச் சற்றே தாண்டியதாகலின், இலங்கையின் கீழ்க்கரையை அச்செய்மதி ஏறத்தாழ நேர் தெற்கிலிருந்து நோக்கியது எனலாம்.

செய்மதி முகிலை இரு வழிகளாற் காண்கின்றது. முதலாவது வழி, முகிலின்மேற் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் படமாக்குதல். தடித்த முகில் வெண்மையாகவும், கடல் கருமையாகவும் தோன்றும். இவ்வழி பகலில் மாத்திரமே பயன்படும்.

இரண்டாவது வழி, கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களாகிய வெப்பக் கதிர்களை அளத்தல். நிலமும் கடலும் முகிலும் இக்கதிர்களை இரவும் பகலும் வெளிவிடுகின்றன. வெப்பமான பொருள் மிகுதியாகவும் குளிர்ந்த பொருள் குறைவாகவும் வெளிவிடும். வளிமண்டலத்தில் மேலே செல்லச் செல்ல ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 6½ பாகை செல்சியசு வீதம் குளிர் கூடுகின்றது. ஆகவே 15 கிலோமீற்றர் உயரம் வரை எழுந்த இடிமுகிலின் உச்சி உறைநிலைக்கு எழுபது பாகை கீழாகவும் இருக்கக்கூடும். செய்மதிக்கு அது மிகக் குளிர்ந்த இடமாகப் புலப்படும். குளிர்ந்த உச்சி எனில் உயர்ந்த முகில். வெப்பமண்டலத்தில் உயர்ந்து தடித்த முகில் எனில் பெரும்பாலும் மழை. தெளிந்த வெப்பமண்டலக் கடலிலிருந்து சதுர மீற்றருக்கு 280 வாற்றுக்கு மேற்பட்ட வெப்பக் கதிர் விண்வெளிக்குச் செல்லும். இடிமுகிற் கூட்டம் மூடிய இடத்தில் இது 200 வாற்றுக்கும் கீழே இறங்குவதுண்டு. இவ்வொரு எண்ணைக் கொண்டே எவ்விடத்து முகில் எழுச்சி மிகுந்தது, எவ்விடத்துக் குறைந்தது என்பதை மாதந்தோறும் கணித்து வருகின்றனர்.

பல நாட்டுச் செய்மதிகளின் படங்களை ஒன்றுசேர்த்து உலக முகிற் கணக்கொன்றை எழுதும் சர்வதேச வேலைத்திட்டம் 1983 ஜூலையில் ஆரம்பமாயிற்று. எந்நேரத்திலும் பூமியின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முகிலால் மூடப்பட்டுள்ளது என்பது இத்தகைய கணக்குகளாற் பெறப்பட்ட முடிபாகும். பூமி முழுவதற்குமான இத்தொகை ஆண்டுக்கு ஆண்டு சிறிதளவே மாறுகின்றது. ஆனால் அம்முகில் எங்கே கூடி நிற்கின்றது என்பது பெரிதும் மாறுகின்றது. கமக்காரருக்கு வேண்டிய உண்மை இதுவே. உலகில் முகில் குறைந்துவிடுவதில்லை. அது இடம் மாறுகின்றது.

முகில் இடம் மாறும் காரணம்

வெப்பமண்டலத்தில் முகிற் கூட்டம் வெப்பமான கடலைப் பின்தொடர்கின்றது. சாதாரண ஆண்டுகளிற் பசுபிக் சமுத்திரத்தின் மீது கிழக்கிலிருந்து மேற்காக வீசும் நிலையான காற்று, வெப்ப நீரை இந்தோனேசியாப் பக்கமாகத் தள்ளிக் குவிக்கின்றது. அதனால் அப்பகுதியிற் பெரும் இடிமுகில்கள் எழுகின்றன. தென் அமெரிக்கக் கரையிலோ குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. அங்கு உயர்முகில் அரிது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்காற்று தளர்கின்றது. வெப்ப நீர் கிழக்கே நகர்கின்றது. முகிற் கூட்டமும் அதனைத் தொடர்ந்து பசுபிக்கின் நடுப்பகுதிக்குச் செல்கின்றது. இந்நிலையை எல் நினோ என்பர். நத்தார்க் காலத்தையொட்டித் தம் கடல் வெப்பமடைவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர், குழந்தை இயேசுவைக் குறித்து இட்ட பெயர் அது. காற்று வழமையைவிட வலுத்து, வெப்ப நீர் மேற்கே மேலும் குவியும் எதிர்நிலை லா நினா எனப்படும். 1982-83, 1997-98, 2015-16 ஆகிய ஆண்டுகளின் எல் நினோக்கள் மிக வலியன. 1997இல் முகில் விலகிச் சென்றமையால் இந்தோனேசியா வறண்டது. அங்கு காடுகள் எரிந்த புகை அயல் நாடுகளையும் மூடியது.

இதன் முதற் சுவட்டைக் கண்டவர்களுள் ஒருவர் இந்திய வளிமண்டலவியல் ஆய்வகங்களுக்கு 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த சேர் கில்பெர்ட் வாக்கர் ஆவார். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளை முன்னறிய முயன்ற அவர், பசுபிக் பகுதியில் வளியமுக்கம் ஏறும்போது இந்து சமுத்திரப் பகுதியில் இறங்குவதையும், அது ஏறும்போது இது இறங்குவதையும் கண்டு, அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார். வாக்கர் அளவுக் கருவிகளின் எண்களிற் கண்டதை, அரை நூற்றாண்டின் பின் செய்மதிகள் முகிலின் நகர்வாகக் கண்ணுக்குக் காட்டின.

இந்து சமுத்திரத்துக்கும் இத்தகைய ஊசலாட்டம் ஒன்று உண்டு. ஆபிரிக்கக் கரைப் பக்கத்துக் கடல் வழமையைவிட வெப்பமடைந்து சுமாத்திராப் பக்கத்துக் கடல் குளிர்வதும், சில ஆண்டுகளில் இதற்கு மாறாக நிகழ்வதும் அதன் இயல்பு. 1999இல் இந்திய, யப்பானிய விஞ்ஞானிகள் இதனை இருமுனை நிலை எனப் பெயரிட்டு விளக்கினர். ஆபிரிக்கப் பக்கம் வெப்பமாயிருப்பது நேர்நிலை. சுமாத்திராப் பக்கம் வெப்பமாயிருப்பது எதிர்நிலை.

கீழ்க்கரையில் இதன் விளைவு

இவ்விரு ஊசல்களும் இலங்கையின் முகிலை அசைக்கின்றன. ஆனால் அவற்றின் விளைவு ஆண்டு முழுவதும் ஒரே தன்மையானதன்று. பலர் தவறும் இடம் இதுவே.

எல் நினோ என்றாலே வறட்சி என்னும் எண்ணம் பரவியுள்ளது. ஜூன் முதல் செப்டெம்பர் வரையுள்ள இந்தியப் பருவமழையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை, எல் நினோவும் இருமுனை நேர்நிலையும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முகிலையும் மழையையும் கூட்டும் பக்கமாகவே சாய்கின்றன. 2015 எல் நினோ ஆண்டின் டிசெம்பர் தொடக்கத்திற் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதைத் தமிழ் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே எல் நினோ நீடிக்கும்போது ஜனவரி முதல் மார்ச் வரை இலங்கையில் மழை குறையும் சாய்வு காணப்படுகின்றது.

லா நினாவின் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை முகில் குறையும் சாய்வும், ஜனவரி முதல் மார்ச் வரை மிகும் சாய்வும் அதற்கு உண்டு. விதைப்புக் காலத்து வானம் ஒன்று. கதிர் முற்றும் காலத்து வானம் வேறொன்று.

இருவேறு பெரும்போகங்கள் தந்த பாடம்

முதலாவது, 2010-11 பெரும்போகம். அவ்வாண்டு வலிய லா நினா நிலவியது. 2011 ஜனவரியிற் கிழக்கு மாகாணத்தில் விடாமழை பெய்தது. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. பெப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். வயல்கள் கதிரோடு நீரில் அழுந்தின. விதை, உழவு, பசளை, களையெடுப்பு ஆகிய செலவுகள் யாவும் முடிந்து, பலன் கைக்கு வரும் நாட்களில் நேர்ந்த இழப்பாகலின், அதனைத் தாங்குதல் கமக்காரருக்கு மிக அரிதாயிற்று.

இரண்டாவது, 2016-17 பெரும்போகம். 2016இன் நடுப்பகுதியில் இந்து சமுத்திரத்தில் வலிய எதிர்நிலை தோன்றியது. அதனோடு மெலிந்த லா நினாவும் சேர்ந்தது. முகிற் கூட்டம் சுமாத்திராப் பக்கமாக ஒதுங்கியது. இலங்கையில் ஒக்டோபர் முதல் மழை பொய்த்தது, குளங்கள் நிரம்பவில்லை, பல வயல்கள் விதைக்கப்படாமலே கிடந்தன. 2016இல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைவு, 2017இல் ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது.

இரு போகங்களிலும் லா நினாவே நிலவியது என்பது கருதத்தக்கது. முன்னையதில் இழப்பு போகத்தின் கடைசியில் வெள்ளமாக வந்தது. பின்னையதில் போகத்தின் முதலிலேயே வறட்சியாக வந்தது. ஆகவே லா நினா எனக் கேட்டதும் ஒரே வகை ஆபத்தை எண்ணுதல் தவறாகும். முற்பாதி மழைக் குறைவுக்கும் பிற்பாதி மழை மிகுதிக்கும் ஒருங்கே ஆயத்தமாதல் வேண்டும்.

சிறுபோகமும் மலைநாட்டு முகிலும்

சிறுபோகத்திற் கிளிவெட்டியின் மேலுள்ள வானம் பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். ஆயினும் அல்லை விஸ்தரிப்புத் திட்ட வயல்களில் அக்காலத்திலும் பயிர் நிற்கின்றது. மத்திய மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலியின் நீர் மாவிலாறு வழியாக வயலுக்கு வருவதே அதற்குக் காரணம்.

எனவே சிறுபோகத்துக்கு உரிய முகில் கிளிவெட்டியின் மேல் நிற்பதன்று; மகாவலியின் தலைப்பகுதியில், மலைகளின் மேல் நிற்பது. வயலில் நின்று அதனைக் காண இயலாது. செய்மதிப் படத்திற் காணலாம். எல் நினோ ஆண்டுகளில் ஜனவரி முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டு மழை குறைந்து, ஆற்றின் வரத்தும் குறையும் சாய்வு உண்டு. பெரும்போகத்தின் முற்பாதியில் நல்ல மழை பெய்து குளங்கள் வான் பாய்ந்தமையால் மகிழ்ந்து நீரைத் தாராளமாகச் செலவிட்டவர், அதே எல் நினோவின் பிற்பகுதியிற் சிறுபோக நீருக்கு இடர்ப்பட நேரும்.

முகிலும் வெயிலும்

முகில் மழையை மாத்திரம் தருவதன்று, வெயிலையும் மறைப்பது. நெற்பயிர் தன் உணவை வெயிலின் துணையாலேயே ஆக்குகின்றது. குருத்துப் பருவம் முதல் கதிர் முற்றும் வரை வெயில் குறைந்தால் மணிகளின் தொகை குறையும், பதர் மிகும். நீரும் பசளையும் ஒத்திருந்தும் ஓராண்டு விளைச்சல் குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நவம்பர், டிசெம்பர் மாதங்களிற் கீழ்க்கரையில் முகில் அடர்ந்திருக்கும். ஜனவரி நடுவிலிருந்து அது படிப்படியாகக் கலையும். நெல் பூப்பது அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாட்களுக்கு முன்னராகும். 105 நாளில் அறுவடையாகும் மூன்றரை மாத இனமொன்றை ஒக்டோபர் 15இல் விதைத்தால், அது டிசெம்பர் 29 அளவில், முகில் அடர்ந்த நாட்களிற் பூக்கும். அதே இனத்தை நவம்பர் 5இல் விதைத்தால் ஜனவரி 19 அளவிற் பூத்து, பெப்ரவரி 18 அளவில் அறுவடைக்கு வரும். சாதாரண ஆண்டில் இரண்டாவது பயிருக்கே கதிர் முற்றும் காலத்தில் வெயில் கூடுதலாகக் கிடைக்கும். லா நினா ஆண்டில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலும் முகில் நீடிக்கக்கூடுமாகலின், இவ்வாதாயம் உறுதியன்று.

முகில் மூடிய ஈரநாட்கள் தொடரும்போது எரிபந்த நோயும் எளிதிற் பரவும். அந்நாட்களில் யூரியாவை மிகுதியாக இட்டால் இலை செழித்து, நோய்க்கும் கபிலநிறத் தத்திக்கும் இடமாகும். வெயில் இல்லாத வாரத்திற் பயிர் வெளிறியிருப்பதைப் பசளைக் குறைவு எனக் கருதி மேலும் பசளை இடுதல் பொருட் செலவோடு பயிர்ச் சேதத்தையும் தரும்.

சாய்வு வேறு, உறுதி வேறு

மேலே கூறியவை யாவும் சாய்வுகளே. ஒருபுறம் பாரம் கூடிய தராசு அப்பக்கம் தாழ்வது இயல்பு. எனினும் இடையில் ஒரு பெருங்காற்று வந்து அதனை மறுபுறம் சாய்த்துவிடவும் கூடும்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மெலிந்த லா நினாவும் இந்து சமுத்திர எதிர்நிலையும் நிலவின. அவற்றை மாத்திரம் கருதினால் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை குறையுமென எண்ண இடமுண்டு. ஆனால் நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தது. மலைநாட்டில் மண்சரிவுகள் நேர்ந்தன. மகாவலிப் படுகை வெள்ளக்காடாயிற்று. ஒரு சூறாவளியின் சில நாட்கள் ஒரு போகத்தின் சாய்வு முழுவதையும் மாற்றிவிட்டன. போகத்துக்குரிய முன்னறிவிப்பை நம்பி, நாள்தோறும் வெளியாகும் எச்சரிக்கையைக் கேளாதிருத்தல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

மற்றொரு வரம்பும் அறியத்தக்கது. முன்னர்க் கூறிய சர்வதேச முகிற் கணக்கின் ஆரம்பப் பதிப்புகள் பூமியை ஏறத்தாழ 280 கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து எழுதப்பட்டன. அத்தகைய கட்டமொன்றின் பரப்பு 78,400 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதன் பரப்பும் 65,610 சதுர கிலோமீற்றரே. தீவின் பரப்பினும் பெரிய ஒரு கட்டத்தின் சராசரி, கிளிவெட்டியின் ஒரு வட்டையில் இன்று மழை பெய்யுமா என்பதைக் கூறாது. பின்வந்த கருவிகள் ஒரு கிலோமீற்றர் அளவிலும் முகிலைப் பிரித்துக் காண்கின்றன. எனினும் முகிலைக் காண்பது வேறு, அதன் மழையை அளப்பது வேறு. உயரத்தில் மெல்லிய ஆடைபோற் படர்ந்த முகிலும் கணக்கில் முகிலே; அதிலிருந்து ஒரு துளியும் விழாது.

செய்மதிகளும் முதுமை அடைவன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவது. பார்க்கும் கோணமும் மாறுவது. நீண்ட காலக் கணக்கொன்றில் வெப்பமண்டல முகில் ஆண்டாண்டாகக் குறைவதுபோற் காணப்பட்டதில் ஒரு பகுதி, செய்மதிகளின் கோண மாற்றத்தால் நேர்ந்த பிழையென விஞ்ஞானிகள் பின்னர்க் கண்டனர். ஆகவே எந்தக் கருவியின் எண்ணையும் நிலத்திலுள்ள மழைமானியோடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும்.

முன்னறிவிப்பு எக்காலத்தில் நம்பத்தக்கது

எல் நினோவும் லா நினாவும் பெரும்பாலும் ஆண்டின் நடுவில் உருவாகி, நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் உச்சமடைவன. ஏப்பிரில், மே மாதங்களில் அவற்றைப்பற்றி வெளியாகும் கணிப்பு உறுதி குறைந்தது. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிற் கடலின் வெப்பமும் முகிலின் இருப்பும் தெளிவாகிவிடும். பெரும்போக விதைப்புக்கு முன்னர் கமக்காரருக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள செய்தி செப்டெம்பர்ச் செய்தியே.

இதனினும் குறுகிய காலத்துக்கு உதவும் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. இந்து சமுத்திரத்தில் எழும் பெரும் முகிற் கூட்டம் ஒன்று மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்து, 30 முதல் 60 நாட்களுக்குள் வெப்பமண்டலத்தைச் சுற்றி வருகின்றது. இதனை 1971இல் மேடன், ஜூலியன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அக்கூட்டம் இலங்கையை அண்மிக்கும் வாரங்களில் மழை கூடுவதும், கடந்த வாரங்களில் குறைவதும் பொதுவான போக்காகும். விதைப்பு, பசளையிடல், அறுவடை ஆகியவற்றின் வாரத்தைத் தீர்மானிக்க இச்செய்தி உதவும்.

கமக்காரர் கைக்கொள்ளத்தக்கவை

1. செப்டெம்பர் முடியுமுன், வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் பருவகால முன்னறிவிப்பைக் கமநல சேவை நிலையத்தின் மூலம் அறிந்துகொள்ளல் வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு நாளும் நீர் விடும் நாளும் தீர்மானிக்கப்படும்போது அச்செய்தியும் எடுத்துக் கூறப்படல் நன்று.

2. லா நினாவோ இருமுனை எதிர்நிலையோ நிலவும் ஆண்டில், முதல் மழையை மாத்திரம் நம்பிப் புழுதியில் விதைத்தலைத் தவிர்த்து, குளத்து நீரின் இருப்பை அறிந்தபின் விதைத்தல் வேண்டும். வடிகால்களை டிசெம்பருக்குள் வெட்டித் துப்புரவாக்குதல், அறுத்த நெல்லை உடனே மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்ல வழி செய்தல், உலர்த்தும் களத்துக்கு மூடுவிரிப்பு ஆயத்தஞ் செய்தல் ஆகியவை ஜனவரி, பெப்ரவரி மழைக்கு முற்காப்பாகும்.

3. எல் நினோ நிலவும் ஆண்டில், முற்பாதியிற் பெய்யும் மழையைக் குளத்திற் சேமித்தல் முதற் கடமையாகும். வயலில் மழைநீர் நிற்கும் நாட்களில் துருசை மூடி வைத்தல் வேண்டும். தொடரும் சிறுபோகத்தில் நெற்பரப்பைக் குறைத்து, மூன்று மாத இனங்களையும், பயறு, கௌபி, எள்ளு முதலிய உப உணவுப் பயிர்களையும் தெரிந்துகொள்ளல் நன்று.

4. காணி முழுவதையும் ஒரே நாளில் ஒரே இனத்தால் விதைத்தல் ஆபத்தானது. உதாரணமாக, ஐந்து ஏக்கர் உடையவர், வாய்க்கால் முறை இடந்தருமாயின், மூன்று ஏக்கரில் மூன்றரை மாத இனத்தையும், இரண்டு ஏக்கரில் மூன்று மாத இனத்தையும் விதைக்கலாம். இரண்டும் வெவ்வேறு வாரங்களிற் பூக்குமாகலின், ஒரே மழை இரண்டையும் ஒருங்கே கெடுப்பது அரிதாகும். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் வெவ்வேறு வயதுடைய இனங்களை வெளியிட்டுள்ளமை இதற்கு வாய்ப்பாகும்.

5. வானம் மூடியுள்ள நாட்களில் யூரியா இடுதலை ஒத்திவைத்து, வெயில் திரும்பியபின், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி இடுதல் வேண்டும்.

6. போகத்துக்குரிய முன்னறிவிப்பு எதுவாயினும், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நாளாந்த வானிலை அறிக்கையையும், மகாவலியின் வெள்ள எச்சரிக்கையையும் தவறாது கேட்டல் வேண்டும்.

முகிற் குறிப்பேடு

செய்மதிக்கு எட்டாத ஒன்று கமக்காரரின் கையில் உள்ளது. அது அவருடைய வயலின் நேரான அவதானம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மூன்று செய்திகளைக் குறித்தல் போதுமானது. முதலாவது, வானத்தை எட்டுப் பங்காக எண்ணி, அதில் எத்தனை பங்கை முகில் மூடியுள்ளது என்பது. வானிலை அவதானிகள் கையாளும் முறையும் இதுவே. இரண்டாவது, மழைமானியில் முந்திய 24 மணி நேரத்திற் சேர்ந்த மழை. மழைமானி இல்லாதவர், பக்கம் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள தகரப் பேணி ஒன்றை வெளியிடத்தில் வைத்து, அதில் நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளக்கலாம். மூன்றாவது, காற்று வரும் திசை.

விதைத்த நாள், பூத்த நாள், அறுத்த நாள், ஏக்கருக்குக் கிடைத்த நெல் ஆகியவற்றையும் அதே கொப்பியில் எழுதி, அவ்வாண்டு எல் நினோவா, லா நினாவா, இரண்டும் அல்லாததா என மேலே குறித்தல் வேண்டும். எழுதுதல் பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கும் ஏற்ற பணியாகும். பத்துப் போகங்கள் இவ்வாறு எழுதப்படின், கடலின் நிலைக்கும் அவ்வட்டையின் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு அக்கொப்பியிலேயே தெரியத் தொடங்கும். கட்டத்தின் சராசரி கூறாததை அது கூறும்.

முடிவுரை

முகிலை மாற்றும் ஆற்றல் எவருக்கும் இல்லை. ஆனால் முகில் இவ்வாண்டு எப்பக்கம் சாயக்கூடும் என்பதை விதைப்புக்கு முன்னரே ஓரளவு அறியும் வாய்ப்பு, முன்னைய தலைமுறைக் கமக்காரருக்கு இல்லாதது, இன்று உண்டு. அதனை உறுதிமொழியாகக் கொள்ளாது எச்சரிக்கையாகக் கொண்டு, விதையையும் நீரையும் நாளையும் பகிர்ந்து பயன்படுத்துவோர், மழை மிகினும் குறையினும் ஒரு பகுதி விளைவையேனும் வீட்டுக்குக் கொண்டுவருவர். நல்ல ஆண்டில் மிகுதியாகப் பெறுவதினும், தீய ஆண்டில் முழுவதையும் இழவாதிருத்தலே குடும்பத்தைத் தாங்குவது என்பதைக் கிளிவெட்டிக் கமக்காரர் அனுபவத்தால் அறிவர்.